தாத்தாவின் ஏடும் பாட்டியின் வாய்மொழியும்



பாட்டுடைத் தலைவனின் குலமுறை கிளத்துவது தமிழ்ப் புலவர்க்குப் பழகிய செயல். மெய்க்கீர்த்திகளிலும் உலாக்களிலும் முன்னோர் வரிசை வரிசையாக வருவர். ஆயினும் அவ்வரிசை தேர்ந்தெடுக்கப்பட்ட வரிசையே. வென்றவனும் கொடுத்தவனும் அதில் இடம்பெறுவர். பழிக்கு உரியவன் ஓசையின்றி விடுபடுவான். முன்னோரை அவ்வாறு தேர்ந்தெடுக்க மறுத்த ஓர் அமெரிக்கக் கவிஞரைப் பற்றியது இவ்வுரை.

பாலி மர்ரே 1910-இல் பால்டிமோர் நகரில் பிறந்த கறுப்பினப் பெண். கவிஞர், வழக்கறிஞர், பிற்காலத்தில் சமயகுரு. 1985-இல் மறைந்தார். அவருடைய 'ப்ரவுட் ஷூஸ்' என்னும் நூல் 1956-இல் வெளிவந்தது. பெருமிதக் காலணிகள் என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். தம் தாயைப் பெற்ற தாத்தா ராபர்ட் ஜார்ஜ் ஃபிட்ஸ்ஜெரால்ட், பாட்டி கார்னீலியா ஸ்மித் ஆகிய இருவரின் வரலாற்றை அவர் அதில் தேடிக் கண்டு எழுதினார். இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்கள். ஒருவர் சுதந்திரராகப் பிறந்தவர். மற்றவர் அடிமையாகப் பிறந்தவர்.

அந்நூல் பிறந்த சூழல் அறியத்தக்கது. 1952-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுப் பணிக்கு மர்ரே விண்ணப்பித்தார். பரிந்துரைத்தவர்கள் எளியவர் அல்லர்; எலினார் ரூஸ்வெல்ட், தர்குட் மார்ஷல், ஃபிலிப் ராண்டால்ஃப் போன்றோர். ஆயினும் அவருடைய கடந்தகாலத் தொடர்புகள் ஐயத்துக்குரியன என்னும் காரணத்தால் பணி மறுக்கப்பட்டது. கம்யூனிச அச்சத்தால் எவரையும் ஐயுற்ற மெக்கார்த்தி காலம் அது. மர்ரே அம்மறுப்பை வேறு வகையில் பற்றிக்கொண்டார். கடந்தகாலத் தொடர்பு எனில் அவருக்கு முதல் தொடர்பு தாத்தாவும் பாட்டியும் அல்லவா? அந்தத் தொடர்பை முழுமையாக எழுதிக் காட்டுவது என்று துணிந்தார்.

துணிவது எளிது, தேடுவது அரிது. ஏன் அரிது என்பதை அமெரிக்க ஆவணங்களின் இயல்பறிந்தே உணர முடியும். அந்நாட்டில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கில் 1850 முதல் சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாயிற்று. அடிமைகளுக்கோ 1850, 1860 ஆகிய இரு கணக்குகளிலும் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் உண்டு. பொதுவாக அடிமையின் பெயர் இல்லை. வயது, பால், கறுப்பா கலப்பா என்று காட்டும் ஓர் எழுத்து, ஓடிப்போனவரா என்பது போன்ற சில குறிப்புகள், இவ்வளவே. கால்நடைகளைக் கணக்கெடுப்பவன்கூட இதற்குமேல் ஏதேனும் எழுதியிருப்பான். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து, அடிமைமுறை ஒழிந்த பின்னர் வந்த 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் விடுதலை பெற்ற மக்கள் பெயரோடு தோன்றினர். எனவே கறுப்பின அமெரிக்கர் ஒருவர் தம் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும்போது 1870 ஒரு சுவராக எதிர்நிற்கிறது. போதாக்குறைக்கு 1890-ஆம் ஆண்டுக் கணக்கேடுகளில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தினால் இல்லாமற்போயிற்று.

அச்சுவரைத் தாண்டத் துணைசெய்வன எவை? அடிமை வைத்திருந்தவர்களின் உயில்கள், விற்பனைப் பத்திரங்கள், தேவாலயத் திருமுழுக்கு ஏடுகள், படைவீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள், விடுதலை பெற்றோர்க்கென 1865-இல் அமைந்த அரசு அலுவலகத்தின் பதிவுகள். அதாவது, அடிமைப்பட்டவரின் பெயரைக் காண வேண்டுமானால் அடிமைப்படுத்தியவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டும். இக்காலத்தில் அவ்வலுவலகப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டு, தன்னார்வலரால் பெயரடைவும் செய்யப்பட்டுள்ளன. மர்ரேயின் காலத்தில் அவ்வசதி ஏது? மாநிலம் மாநிலமாகச் சென்று, நீதிமன்றக் கிடங்குகளில் தடித்த ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. அமெரிக்க மாநிலங்கள் அனைத்தின் நிறவேற்றுமைச் சட்டங்களையும் திரட்டி ஒரே நூலாக்கிய வழக்கறிஞர் அவர். ஏடு புரட்டுவதில் சலிப்பில்லாத கை அது.

தாத்தாவின் வழி ஒப்புநோக்க எளிதாக இருந்தது. ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1840-இல் டெலவேர் மாநிலத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் விடுதலை பெற்ற அடிமை. தாய் சாரா ஆன் வெள்ளையினப் பெண். குடும்பம் பின்னர்ப் பென்சில்வேனியாவில் குடியேறியது. கறுப்பின இளைஞர்க்கென அங்கு ஏற்பட்டிருந்த ஆஷ்மன் கல்விக்கூடத்தில் ராபர்ட் பயின்றார். பிற்காலத்தில் லிங்கன் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது அதுவே. போர் மூண்டபோது ஒன்றியத்தின் பக்கம் நின்று முதலில் கடற்படையிலும், 1864-இல் மாசசூசெட்ஸ் ஐந்தாம் குதிரைப்படையிலும் பணியாற்றினார். கறுப்பின வீரர்களைக் கொண்ட அப்படைப்பிரிவு 1864 ஜூன் 15 அன்று வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரருகே குதிரையின்றிக் காலாளாகவே நின்று போரிட்டது. கண்பார்வை குன்றியமையால் அவ்வாண்டிலேயே அவர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

போர் முடிந்ததும் விடுதலை பெற்ற மக்களுக்கு எழுத்தறிவிக்க வர்ஜீனியாவின் அமீலியா என்னும் ஊருக்கும், பின்னர் வட கரோலினாவின் ஹில்ஸ்பரோவுக்கும் சென்றார். பகலில் சிறுவரும் இரவில் உழைத்துக் களைத்த பெரியோரும் அவர் முன் அமர்ந்து எழுத்துக்கூட்டினர். கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தார் முகமூடியணிந்து இரவில் உலவிய வட்டாரம் அது. அண்டை மாவட்டத்தில் கறுப்பினத் தலைவரான வயாட் அவுட்லா 1870-இல் நீதிமன்றத்தின் எதிரிலேயே தூக்கிலிடப்பட்டார் எனில் நிலைமையை உணரலாம். பிற்காலத்தில் டர்ஹாம் நகரில் தம்பி ரிச்சர்டைப் போன்றே ராபர்ட்டும் செங்கற்சூளை வைத்தார். சூளைப்புகையும் பழைய நோயும் சேர்ந்தனவோ என்னவோ, கண்ணொளி முற்றிலும் மறைந்தது. தாயை இழந்து அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்த சிறுமி பாலியே தாத்தாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள்.

ஆக, இந்தத் தாத்தாவுக்குச் சான்று இருந்தது. சுதந்திரராகப் பிறந்தவர் ஆதலின் கணக்கேட்டில் பெயர் இருந்தது, படைப்பதிவு இருந்தது, ஓய்வூதியக் கோப்பு இருந்தது. அனைத்துக்கும் மேலாக அவரே தம் கையால் எழுதிய நாட்குறிப்பு இருந்தது. அவர் 1919-இல் மறைந்தபின், வெள்ளையருக்கான பெரிய இடுகாட்டின் அருகில் குடும்பக் கல்லறையில் அடக்கமானார். அப்பெரிய இடுகாட்டில் தென்மாநிலப் படையினரின் கல்லறைகளில் அவர்கள் கொடி பறக்கும். தாத்தாவின் கல்லறையில் சிறுமி பாலி ஒன்றியத்தின் கொடியை நட்டாள். நூலின் பெருமிதம் இந்தப் பக்கத்திலிருந்தே வருகிறது. இத்துடன் நின்றிருந்தால் ஒரு நல்ல மெய்க்கீர்த்தி கிடைத்திருக்கும்.

ஆனால் வீட்டில் பாட்டியும் இருந்தார்.

கார்னீலியா 1844-இல் வட கரோலினாவில் பிறந்தார். தாய் ஹாரியட், செரோக்கி இரத்தமும் கலந்தவர் என்பது குடும்ப வழக்கு. 1834-இல், ஏறத்தாழப் பதினைந்து வயதில், மருத்துவர் ஜேம்ஸ் ஸ்மித் என்பவரால் அவருடைய மகள் மேரி ரஃபின் ஸ்மித்துக்குப் பணிப்பெண்ணாக விலைக்கு வாங்கப்பட்டவர். ஜேம்ஸ் ஸ்மித் சாமானியர் அல்லர். 1817 முதல் 1821 வரை அமெரிக்கப் பேரவை உறுப்பினர். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவிலும் இருந்தவர். அவருக்கு ஃபிராங்க், சிட்னி என இரு மகன்கள்.

ஹாரியட்டுக்கு ரூபன் டே என்னும் கணவன் இருந்தான். அவன் சுதந்திர மனிதன். அடிமையின் மணத்தைச் சட்டம் ஏற்காத காலம். எசமானரின் இசைவே மணம், அவர்களின் சினமே மணவிலக்கு. ஸ்மித் சகோதரர் ரூபனை அடித்து விரட்டினர். பின்னர், அடைத்த கதவை உடைத்துச் சிட்னி ஹாரியட்டின் குடிலுக்குள் புகுந்தான். அவ்வன்கொடுமையில் பிறந்தவர் கார்னீலியா. அதற்குப்பின் ஃபிராங்க், தம்பியைத் தாக்கி விலக்கிவிட்டு ஹாரியட்டைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டான். அவனுக்கு எம்மா, அனெட், லாரா என மூன்று பெண்கள் பிறந்தனர். அம்மூவரும் கார்னீலியாவுக்குத் தாய்வழியில் தங்கையர். தந்தையின் உடன்பிறந்தான் பெற்ற மக்கள் ஆதலின் தமிழ்முறைப்படி தந்தைவழியிலும் தங்கையரே. ஆங்கிலத்தில் இவ்வுறவை விளக்க இரண்டு சொற்கள் வேண்டும். தமிழில் ஒன்றே போதும். ஆனால் அங்கிருந்த சட்டத்தில் இவர்களுக்கு உறவுப்பெயர் ஒன்றுமே இல்லை. சொத்து என்னும் பெயரே இருந்தது.

இங்கே ஒரு சட்ட நுட்பத்தை நோக்க வேண்டும். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662-இல் வர்ஜீனியாவில் விதி வகுக்கப்பட்டது. தந்தைவழியே பெயரும் சொத்தும் இறங்கும் ஆங்கில மரபுக்கு முற்றிலும் மாறானது இது. காரணம் வெளிப்படை: எசமானருக்கு அடிமைப்பெண்ணிடம் பிறக்கும் பிள்ளை வாரிசு ஆகலாகாது, அடிமையாகவே பெருக வேண்டும். அடிமைமுறை நிலவிய மாநிலங்கள் இவ்விதியைப் பின்பற்றின. இதன்படி ராபர்ட்டின் தாய் வெள்ளையர் ஆதலின், தந்தையின் நிலை எதுவாயினும் ராபர்ட் சுதந்திரர். கார்னீலியாவின் தந்தை செல்வக்குடியில் பிறந்த வழக்கறிஞன் ஆயினும் கார்னீலியா அடிமை. யாருடைய அடிமை? ஹாரியட் மேரியின் உடைமை ஆதலின், ஹாரியட்டின் மகளும் மேரியின் உடைமை. அத்தையே எசமானி, மருமகளே அடிமை.

மேரி ரஃபின் ஸ்மித் மணம் செய்துகொள்ளவில்லை. நான்கு சிறுமியரையும் அவர் பெரிய வீட்டிலேயே வளர்த்தார்; தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். சேப்பல் ஹில் ஊரில் உள்ள எபிஸ்கோப்பல் தேவாலயமான சேப்பல் ஆஃப் தி கிராஸில் 1854-இல் அவர்களுக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. ஏட்டில் அவர்கள் மேரிக்கு உரிய பணியாட்களின் பிள்ளைகள் என்ற அளவிலேயே பதிவாயினர். பெயர் எழுதப்பட்டது, தந்தை பெயர் எழுதப்படவில்லை. ஆனால் வட்டாரம் முழுவதும் அது யார் என்று அறிந்திருந்தது. ஓர் ஆவணம் எதைச் சொல்கிறது என்பதனோடு எதைச் சொல்ல மறுக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தக்க சான்று காண்பது அரிது.

1885-இல் மறைந்த மேரி தம் உயிலில் கார்னீலியாவுக்கு நூறு ஏக்கர் நிலம் விட்டுச்சென்றார். தங்கையர்க்கும் சிறு பங்குகள் உண்டு. அவ்வுயிலிலும் உறவு கூறப்படவில்லை. பெருஞ்சொத்தோ எபிஸ்கோப்பல் திருச்சபைக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றது. அப்பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்புக்கு 1938-இல் பாலி மர்ரே விண்ணப்பித்தார். அவருடைய இனத்தாரைச் சேர்ப்பதில்லை என்று விடை வந்தது. பாட்டியின் பாட்டன் ஆட்சிக்குழுவில் அமர்ந்த கல்விநிலையம். குடும்பச் சொத்தால் உதவித்தொகை வழங்கிய கல்விநிலையம். அதன் வாயிலில் எள்ளுப்பேத்திக்கு இடமில்லை. 1951-இல் நீதிமன்ற ஆணை பிறந்த பின்னரே கறுப்பின மாணவர் அங்குள்ள சட்டக் கல்லூரியில் நுழைந்தனர்.

இனி இந்நூலின் அரிய இடத்துக்கு வருவோம். இவ்வளவும் பேத்திக்குச் சொன்னவர் கார்னீலியாவே. ஆனால் அவர் அதைத் துயரக்கதையாக மட்டும் சொல்லவில்லை. சிட்னி ஸ்மித்தின் மகள் என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. ஸ்மித் குடும்பத்தின் கல்வியையும் செல்வாக்கையும் பேசிப் பேசி மகிழ்ந்தார். தாயைச் சிதைத்தவனைத் தந்தை என்று போற்றும் மகள்! படிப்பவர் மனம் இங்கே திடுக்கிடும். தாத்தாவோ அம்முறைமைக்கு எதிராகப் படைக்கலம் ஏந்தியவர். ஒரே கூரையின்கீழ் ஒன்றியத்தின் வீரரும் எசமானரின் மகளும் கணவன் மனைவியாக வாழ்ந்தனர். இருவர் பெருமிதமும் ஒன்றையொன்று மறுப்பவை.

இக்காலத்து எழுத்தாளர் ஒருவர் பாட்டியைத் திருத்தி எழுதியிருக்கக்கூடும். அவர் வாயில் ஒரு கண்டனத்தை வைத்திருக்கக்கூடும். மர்ரே அது செய்யவில்லை. பாட்டியின் பெருமையையும் எழுதினார். அப்பெருமைக்கு அடியில் கிடக்கும் ஹாரியட்டின் அலறலையும் எழுதினார். கார்னீலியாவின் செருக்கு அறியாமை என்று கொள்வது பொருந்தாது. ஊரே அறிந்தும் எந்த ஏடும் எழுதாத ஓர் உண்மையை, சிட்னி ஸ்மித் என் தந்தை என்பதை, அவர் அஞ்சாது சொல்லிக்கொண்டே இருந்தார். ஆவணம் மறைத்ததை வாய் மறைக்கவில்லை. அவர் பெருமை என்று நினைத்துச் சொன்னதுவே பேத்தியின் கையில் சாட்சியமாயிற்று.

1956-இல் இதை எழுதுவது எளிதன்று. கறுப்பின மக்கள் தங்கள் கண்ணியத்தை நிலைநாட்டப் போராடிய காலம். குடும்பத்தின் களங்கம் என்று பிறர் கருதக்கூடியதைப் பெயர், ஊர், ஆண்டு இவற்றுடன் வெளியிடுதல் இருபக்கமும் கூரான வாள். அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' வெளிவந்து உலகமெல்லாம் பேசப்பட்டது அதற்கு இருபதாண்டுகள் கழித்து, 1976-இல். அந்த அலையில்தான் 'ப்ரவுட் ஷூஸ்' 1978-இல் மறுபதிப்புக் கண்டது. ஹேலியின் நூல் ஆப்பிரிக்க வீரன் ஒருவனை மூலவனாகக் காட்டி மக்களுக்குப் பெருமிதம் ஊட்டியது, அந்நன்மை மறுக்கத்தக்கதன்று. எனினும் அவர் காட்டிய குலவரிசை ஆவணங்களோடு பொருந்தவில்லை என்று கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் ஆகிய ஆய்வாளர் இருவர் 1981-இல் எடுத்துக்காட்டினர். மர்ரே வீர மூலவனைத் தேடவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதையும் ஏட்டில் கண்டதையும் அருகருகே வைத்தார். கதையின் வீச்சு ஹேலியினுடையது பெரிது. நிலைக்கும் தகுதி மர்ரேயினுடையதே பெரிது எனலாம்.

இங்குக் கூடியிருக்கும் கவிஞர்களுக்கு மற்றொரு செய்தி. மர்ரே முதலில் கவிஞர். ஸ்டீவன் வின்சென்ட் பெனே என்னும் கவிஞர் 1943-இல் மறையும் வரை மடல்வழியே அவரை ஊக்கிவந்தார். 'டார்க் டெஸ்டமெண்ட்' என்னும் நெடும்பாடல் அடிமைப்பட்ட இனத்தின் பல தலைமுறைத் துயரத்தைப் பாடுவது. அத்தலைப்பிலேயே 1970-இல் அவருடைய கவிதைத் தொகுதி வந்தது. ஆனால் தம் கொள்ளுப்பாட்டியை எழுத அவர் உரைநடையைத் தேர்ந்தார். பாட்டில் ஓர் இனத்தின் துயரமாக நின்றது, உரைநடையில் ஹாரியட் என்று பெயர் பெற்று, ஒரு குடிலும் ஒரு கதவும் பெற்றது. கவிதை தாழ்ந்தது என்பதன்று இதன் பொருள். பெயரே மறுக்கப்பட்டவர்களுக்கு முதலில் வேண்டியது பெயரும் ஊரும் ஆண்டும் என்று அக்கவிஞர் கருதினார் போலும்.

முன்னோரின் தடம் அவர் வாழ்விலும் விந்தையாகக் குறுக்கிட்டது. 1940-இல் பேருந்தில் நிறவேற்றுமை விதிக்குப் பணிய மறுத்துச் சிறைப்பட்டார். தண்டி யாத்திரையில் நடந்தவரான கிருஷ்ணலால் ஸ்ரீதராணி காந்தியடிகளின் சத்தியாகிரக முறை பற்றி எழுதிய நூலைப் பயின்று, அம்முறையைச் சிறையில் கையாள முயன்றார். அச்சிறை இருந்த ஊர் பீட்டர்ஸ்பர்க். தாத்தாவின் படைப்பிரிவு போரிட்ட அதே ஊர். 1977 ஜனவரியில் எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினப் பெண் குருவாக அருட்பொழிவு பெற்றார். மறுமாதம் அவர் தம் முதல் திருவிருந்து வழிபாட்டை நடத்தியது சேப்பல் ஆஃப் தி கிராஸ் தேவாலயத்தில். பாட்டி திருமுழுக்குப் பெற்ற சபை. பாட்டியின் விவிலியத்தை அவர் விரித்து வாசித்த பீடத்தில் மேரி ரஃபின் ஸ்மித்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. 2024-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயம் ஒன்றில் பாலி மர்ரேயின் முகம் இருக்கிறது.

ரூபன் டே என்ன ஆனான்? விரட்டப்பட்டபின் அவன் மீண்டு வரவில்லை என்பதுடன் குடும்பக் கதை நின்றுவிடுகிறது. அவனுடைய இரத்தம் மர்ரேயின் உடலில் இல்லை. ஆயினும் அவன் பெயர் அந்நூலில் இருக்கிறது. தன் தாயை விரும்பி மணந்தவன் பெயரை, அவனை விரட்டியவனின் மகளான கார்னீலியா மறவாமல் பேத்தியிடம் சொல்லிவைத்திருந்தார்.